பன்னிரண்டு வோல்ட் பக்தி

மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டாலும் அதன் பழைய யெஸ்டி பைக்கின் மவுசுக்குப் பூட்டில்லை. அந்த பைக்கின் 6 வோல்ட் விளக்கில் சாலைக்கு விளக்குதான் தெரியும். விளக்குக்குச் சாலை தெரியாது. பாரம்பரியத்தைக் காக்கத் துடிப்பவர் சும்மா இருப்பாரா? கோவை உக்கடம் உதிரிபாகக் கடைக்கு விரைகிறார். டைனமோ போய் 12 வோல்ட் ஆல்டர்னேட்டர், பாயிண்ட் போய் சிடிஐ, பல்பு போய் எல்இடி. நம்பர் பிளேட்டை மட்டும் தொடவில்லை, அது புனிதம். செல்போன் சார்ஜரும் உண்டு: வண்டி நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டுமே!

பழைய வண்டிகளின் கண்காட்சியில், "ஒரிஜினலுக்குத்தான் பரிசுங்க" என்றார்கள். மறுபடி உக்கடம். எடைக்குப் போட்ட அதே டைனமோ, துடைத்து எண்ணெய் பூசி, நாலு மடங்கு விலையில் காத்திருந்தது.

"அபூர்வமான பீசுங்கண்ணா, இனிக் கெடைக்காது."

பேரம் பேசவில்லை. பாரம்பரியத்துக்கு விலை உண்டா என்ன?