தண்ணீரைப் பார்த்து ரீல் வாங்கு

பாஸ் மீனுக்குக் கரையிலிருந்து வீச எந்த பெய்ட்காஸ்டிங் ரீல் நல்லது, அதற்கு எந்த ராடு பொருந்தும் என்ற கேள்வியை ஏற்காட்டில் வைத்துக் கேட்டால் ஆரம்பத்திலேயே ஒரு சின்னச் சங்கடம் வருகிறது. இங்கே பாஸ் மீன் கிடையாது. ஏற்காடு ஏரியில் இல்லை, அடிவாரக் குளங்களில் இல்லை, மேட்டூரிலும் இல்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார், பேரிக்காயைக் கொண்டுவந்தார். மீன் விஷயத்தில் மனிதர் அசட்டையாக இருந்துவிட்டார். நீலகிரிக்காரர்களுக்காவது வெள்ளைக்காரர்கள் டிரவுட் மீனை விட்டுப் போனார்கள். நமக்குக் கிடைத்தது காப்பியும் பேரிக்காயும் மட்டும். ஒரு வகையில் அதுவும் நல்லதுதான். ஜப்பானில் 1925-இல் ஆஷி ஏரியில் பாஸை விட்டார்கள். அது நாடு முழுக்கப் பரவி உள்ளூர் மீன்களைத் தின்னவே, 2005-இல் அயல் உயிரினச் சட்டத்தில் அதன் பெயரைச் சேர்க்கவேண்டியதாயிற்று. அதற்குள் ஜப்பானிய பாஸும் ஊர்ப் பெருமை ஆகிவிட்டது என்பது வேறு விஷயம். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1932-இல் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான் உலக சாதனையாக இருந்தது. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் அதற்குச் சமமாக வந்து நின்றது.

மீன்தான் வரவில்லையே தவிர, மீன்பிடிக்கும் சாமான் வந்து சேர்ந்துவிட்டது. சேலத்தில் இன்று ஓர் இளைஞர் கைப்பேசியில் பத்து வீடியோ பார்த்தால் போதும். கியர் விகிதம், பேரிங் எண்ணிக்கை, காந்தப் பிரேக் எல்லாம் மனப்பாடம். எந்தக் குளத்தில் எந்த மீன் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. பெண் பார்க்கப் போவதற்கு முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் வேலை இது. என் கட்சி இவ்வளவுதான்: ரீலைத் தண்ணீரைப் பார்த்து வாங்கவேண்டும், விளம்பரத்தைப் பார்த்து அல்ல. அப்படிப் பார்த்தால் இந்த வட்டாரத்தில் பெய்ட்காஸ்டிங் ரீலுக்கு ஒரே ஒரு நியாயமான காரணம்தான் இருக்கிறது. அந்தக் காரணத்தின் பெயர் விரால்.

பாஸ் செய்யும் காரியங்களில் முக்கியமானவற்றை விரால் இங்கே கூலி கேட்காமல் செய்து வருகிறது. பாஸைப் போலவே அதுவும் பதுங்கியிருந்து பாயும். ஆழமில்லாத நீரில் அல்லி இலைக்கடியிலும் நாணல் ஓரத்திலும் ஆகாயத்தாமரைக் கும்பலுக்குள்ளும் குடியிருக்கும். மேல்மட்டத்தில் தவளை நீந்தினால் வெடித்து மேலே வரும். பாஸுக்கு இல்லாத ஒரு வசதியும் விராலுக்கு உண்டு. அது காற்றைச் சுவாசிக்கும் மீன். அதனால்தான் சந்தையில் அலுமினியக் குண்டானுக்குள் கொஞ்சம் தண்ணீரில் உயிரோடு கிடந்து, வாங்க வந்தவரையே முறைத்துப் பார்க்கிறது. சுவாசிப்பதற்காக அது அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து வாய்காட்டிவிட்டுப் போகும். கரையில் நிற்பவனுக்கு இதைவிடப் பெரிய துப்பு கிடையாது. படகு வேண்டாம், சோனார் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

இனி ரீலின் குணத்துக்கு வருவோம். பெய்ட்காஸ்டிங் ரீல் ராடின் மேல்பக்கம் உட்காரும். வீசும்போது அதன் உருளையே சுழன்று தூண்டில் நரம்பை விடும். பறந்துபோகும் இரை காற்றின் தடையால் வேகம் குறையும். உருளைக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. அது பழைய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க, வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே பொங்கிச் சிக்காகிவிடும். எதிர்க்காற்றில் வீசினால் சிக்கு உறுதி. இதைத் தடுக்கத்தான் கட்டைவிரலும் பிரேக்கும். மையவிலக்குப் பிரேக் உருளையின் வேகத்துக்கு ஏற்பத் தானே அழுத்தும், ஆனால் சரிசெய்ய நிறைய ரீல்களில் பக்கமூடியைக் கழற்றவேண்டும். காந்தப் பிரேக்கை வெளியே இருக்கும் திருகால் கூட்டலாம், குறைக்கலாம். மலையடிவாரக் காற்று நிமிஷத்துக்கு நிமிஷம் திசை மாறுவதால், சேற்றில் நின்றபடி பக்கமூடியைக் கழற்றும் துணிச்சல் இல்லாதவர்களுக்குக் காந்தம்தான் சரி. இந்த ரீலின் பரம்பரை முழுக்கக் கடிகாரப் பரம்பரை என்பதையும் சொல்லவேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கியில் இதைச் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் கடிகாரம் செய்பவர். பிற்காலத்தில் அம்பாசடர் ரீலால் பேர் வாங்கிய சுவீடனின் ஆபு நிறுவனமும் 1921-இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியதுதான். மனிதகுலத்துக்கு நேரம் காட்டியவர்களே நேரத்தைத் தொலைக்கவும் ஒரு கருவி செய்து கொடுத்திருக்கிறார்கள்.

‘இவ்வளவு தொல்லை எதற்கு, ஸ்பின்னிங் ரீல் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் பலமாகவே இருக்கிறது. 1905-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி நூற்பாலை நடத்திய ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், கதிரிலிருந்து நூல் உருவி வருவதைப் பார்த்து அசையாத உருளை கொண்ட ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். உருளை சுற்றாததால் அது முந்தி ஓடிச் சிக்காகும் பேச்சே இல்லை. ஐந்து கிராம் இரையைக்கூடத் தூர எறியலாம். அதே இரையைச் சாதாரணப் பெய்ட்காஸ்டரில் வீசினால் காலடியில் விழும், ஏழு கிராமுக்குக் கீழே அதற்கு மரியாதை தெரியாது. ஆகவே ஜிலேபிக்கும் கெண்டைக்கும் ஸ்பின்னிங் ரீலே உத்தமம். வாதம் திரும்புவது பாசிக்குள்தான். ஆகாயத்தாமரைக்கு நடுவே இரண்டடி அகலத்தில் ஒரு திறப்பு இருக்கிறது. அதற்குள் பதினைந்து கிராம் ரப்பர் தவளையை இறக்கவேண்டும், மீன் கவ்வியதும் வேரோடு சுற்றிக்கொள்ள விடாமல் இழுத்தெடுக்கவேண்டும். குறியை முடிவுசெய்வது கட்டைவிரல். நாற்பது பவுண்டு பின்னல் நரம்பைத் தாங்குவது தடித்த ராடு. நேராகச் சுருட்டும் உருளையின் இழுவிசை ஸ்பின்னிங் ரீலின் முறுக்கலில் வராது. பாசி இல்லாத இடத்தில் இந்த மூன்று லாபமும் செல்லாக்காசு.

வாங்கத் தீர்மானித்துவிட்டவர் எதைப் பார்க்கவேண்டும்? பேரிங் எண்ணிக்கையைப் பார்க்கவேண்டாம். உருளையைத் தாங்கும் இரண்டு பேரிங் நன்றாக இருந்தால் போதும். மற்றவை எல்லாம் பெட்டியின் மேல் அச்சடிக்கப் பிறந்தவை. கியர் விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கட்டும், அதாவது கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை ஏழு சுற்று. தவளையை ஆட்டி ஆட்டி இழுக்கும்போது நரம்பு தொய்யும், மீன் பாய்ந்த கணத்தில் அந்தத் தொய்வைச் சட்டென்று அள்ளவேண்டும். வலது கையால் வீசுபவர்கள் இடதுபக்கக் கைப்பிடியைக் கேட்டு வாங்குங்கள். வீசிவிட்டுக் கை மாற்றும் நேரத்தில் விரால் தவளையைத் துப்பிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடும். ராடு ஆறரை முதல் ஏழடி, நடுத்தரக் கனத்துக்கு ஒரு படி மேல், நுனி மட்டும் வளைவது. ஒரே துண்டு ராடுதான் உயர்ந்தது என்று புத்தகங்கள் சொல்லும். அதை எழுதியவர்கள் வண்டிக்கூரையில் ராடு கட்டிக்கொண்டு போகிறவர்கள். டவுன் பஸ்ஸிலும் பைக்கிலும் குளத்துக்குப் போகிற நமக்கு இரண்டு துண்டு ராடுதான், அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. பின்னல் நரம்பு மொழுமொழுவென்ற உருளையில் நழுவும் என்பதால் அடியில் கொஞ்சம் தங்கூசி நரம்பைச் சுற்றிவிட்டு மேலே பின்னலைச் சுற்றவேண்டும். உருளையின் இறுக்கத்தை, தொங்கவிட்ட இரை மெல்ல இறங்கித் தரையைத் தொட்டதும் உருளை நிற்கும்படி வைத்துக்கொள்ளவேண்டும். இவ்வளவும் நடுத்தர விலையிலேயே கிடைக்கும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் ரீலை நண்பர்களிடம் காட்டும்போது மட்டும் பயன்படும்.

அடுத்த ஆட்சேபம் மூங்கில் கட்சிக்காரர்களுடையது. ‘எங்க தாத்தா மூங்கில் கம்புல, தக்கையில, மண்புழுவுல பிடிக்காத மீனா?’ என்பார்கள். பிடித்திருப்பார், மறுக்கவில்லை. மாவோ புழுவோ வைத்துக் காலடியில் தக்கை போட்டு உட்காருவதற்கு மூங்கிலை வெல்ல எந்தத் தொழிற்சாலையும் இன்னும் பிறக்கவில்லை. இங்கிலீஷ்காரர்களும் இதை அறியாதவர்கள் அல்ல. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹெச்.எஸ். தாமஸ் 1873-இல் மஹசீர் மீனைப் பிரதானமாக வைத்து ‘தி ராட் இன் இந்தியா’ எழுதினார். பிறகு நம் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-இல் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். ஆனால் விரால் என்று வந்தால் தாத்தாவின் கணக்கில் ஒரு செலவு மறைந்திருக்கிறது. அவர் முள்ளில் குத்தியது உயிருள்ள தவளை. வயல் பூச்சியைத் தின்பது அதே தவளைதான். வெளிநாட்டுக்குத் தவளைக்கால் போய்க்கொண்டே இருந்ததால் நம் வயல்களில் பூச்சி பெருகும் என்று பயந்து, 1987-இல் அந்த ஏற்றுமதியையே இந்தியா நிறுத்தியது. ரப்பர் தவளை பூச்சியைத் தின்னாது, கத்தாது, மறுநாளும் வேலைக்கு வரும். பிறகு கம்பின் நீளத்துக்கு அப்பால் இருக்கும் பாசித் திறப்பைத் தாத்தா எட்டியதில்லை. அந்த விரால்கள்தான் கிழடு தட்டிப் பெருத்துப்போயின.

இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு மலைமேல் போனால் அது அங்கே செல்லாது. ஏற்காடு ஏரியின் கரை பாதி பூங்கா, பாதி படகுத்துறை. கோடை விழா நாட்களில் தண்ணீரைவிட ஜனம் அதிகம். வீசுவதற்கு ராடைப் பின்னால் சாய்த்தால் தூண்டில் முள் யாருடைய சால்வையிலாவது மாட்டும், முன்னால் வீசினால் மிதிபடகில் விழும். இந்த ஏரியின் உபரித் தண்ணீர்தான் கிளியூர் அருவியில் முந்நூறு அடி விழுகிறது. ரீலை வீசி எறியவேண்டும் என்று கை துறுதுறுத்தால் அந்த அருவியைப் பார்த்துக்கொண்டு நிற்பது பாதுகாப்பு. மேட்டூரும் பெய்ட்காஸ்டருக்கு ஏற்ற இடம் இல்லை. 1934-இல் முடிந்த அணையில் 120 அடி வரை நீர் ஏறி இறங்குவதால் கரையில் பாசிக்காடு நிலைக்காது. திறந்த வெளி, பெருங்காற்று, தூரத்து மீன். அங்கே ஒன்பதடி ராடும் ஸ்பின்னிங் ரீலும்தான் பேசும். பெய்ட்காஸ்டரின் ராஜ்யம் இரண்டுக்கும் நடுவே, மலைநீர் வந்து தேங்கும் அடிவார ஏரிகளிலும் ஆகாயத்தாமரை மூடிய ஊர்க்குளங்களிலும்தான் இருக்கிறது. அவற்றில் பலவும் மீன்பாசிக் குத்தகைக்கு விடப்பட்டவை. குத்தகைக்காரரைக் கேட்காமல் இறங்கினால் எந்தக் கியர் விகிதமும் காப்பாற்றாது.

ஆகவே தீர்ப்பு: பாசிக்குளமும் அனுமதியும் கைவசம் இருப்பவர் காந்தப் பிரேக் வைத்த நடுத்தர விலை ரீல் ஒன்றை இரண்டு துண்டு ராடோடு வாங்கலாம். மற்றவர்கள் ஸ்பின்னிங் ரீல் வாங்கலாம், அல்லது மூங்கில் வெட்டலாம். ஏற்காட்டுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் எதையும் சுமக்கவேண்டாம். வாங்குகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ரீலின் பலமே குறி தப்பாமை. மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் கொப்பளிப்பதைப் பார்த்தால், அதன் அடியில் தாய் தந்தை விரால்கள் காவல் நிற்கும். எதைப் போட்டாலும் பாயும். அங்கே மட்டும் வீசாதீர்கள்.