மாதம் 399 ரூபாயில் ஆண்டியாவது எப்படி?

கையில் காசு இறுக்கம். ஆனாலும் பிள்ளைக்கு ஆன்லைன் டியூஷன், உங்களுக்கு ஆபீஸ் மீட்டிங், அம்மாவுக்கு விட்டுப்போன சீரியல். வீட்டுக்கு வைஃபை போட்டே ஆகவேண்டும். கவலைப்படாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே சரியான பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். கீழே உள்ளபடி செய்தால் இன்னும் வேகமாகப் போகலாம். அந்த வேகம் மட்டும் உறுதி.

1. பெரிய எழுத்தை மட்டும் படியுங்கள்.

நோட்டீஸில் 399 என்பதைப் பூசணிக்காய் அளவுக்கு அச்சடித்திருப்பார்கள். அதுதான் உங்கள் பட்ஜெட். பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் குறியைக் கண்ணெடுத்தும் பார்க்காதீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து பில் 470 ரூபாய் 82 காசாக வரும்போது அதிர்ச்சி அடையுங்கள். அடுத்த மாதமும் புதிதாக அதிர்ச்சி அடையுங்கள். இன்ஸ்டலேஷன் எவ்வளவு, ரூட்டர் நமக்குச் சொந்தமா வாடகையா, டெபாசிட் திரும்பி வருமா என்றெல்லாம் கேட்பது கௌரவமான குடும்பத்துக்கு அழகல்ல.

2. எதிர்வீட்டில் விசாரிக்காதீர்கள்.

ராத்திரி எட்டு மணிக்கு, தெருவே படம் பார்க்கும் நேரத்தில், எந்த லைன் சுற்றாமல் ஓடுகிறது என்பது எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சொல்லிவிடுவார். டீக்கு யார் செலவு செய்வது? இணைப்புக் கொடுக்க வந்த பையன் காலை பதினொரு மணிக்கு ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று தன் போனில் ஸ்பீடு காட்டுவான். அதை நம்புங்கள். முள் துடிக்கும் அழகே தனி.

3. அதே பையன் சொல்வதைக் கேட்டு மேலே ஏறுங்கள்.

"சார், 399-ல ஸ்பீடு இருக்காது. கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தா 300 எம்பிபிஎஸ், ஓடிடி எல்லாம் ஃப்ரீ" என்பான். ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும். மூன்று அறையில் மூன்று பேர் மூன்று படம் பார்த்தாலும் 15-தான் ஆகும். ஆகவே 300 எடுங்கள். குட்மார்னிங் ரோஜாப்பூ அவ்வளவு வேகத்தில் வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டாமா? 300 என்றால் நொடிக்கு 300 எம்பி இறங்கும் என்றும் நம்புங்கள். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், ஆகவே அதிகபட்சம் 37.5 எம்பிதான் என்று யாராவது எட்டால் வகுக்க ஆரம்பித்தால் அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. ரூட்டரை ஒளித்து வையுங்கள்.

இதில் உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் சில நுணுக்கங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் மெதுவாகப் போகும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் அதுவும் தடுமாறும். இரண்டையும் ஒரே அடியில் சாய்க்க இரும்பு பீரோவின் பின்பக்கம் உத்தமம். பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் வைப்பதும் நல்ல பலன் தரும். வீட்டு நடுவில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

ஃபைபர் ஒயரையும் கவனியுங்கள். உள்ளே இருப்பது மயிரிழைக் கண்ணாடி, ஓடுவது வெளிச்சம். கூர்மையாக மடித்தால் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். எனவே ஜன்னல் கதவிடுக்கில் நன்றாக நசுக்கிச் சாத்துங்கள். மிச்சத்தை இறுகச் சுருட்டி, காலண்டர் ஆணியில் மாட்டுங்கள். பிறகு "ஸ்பீடே இல்லை" என்று கம்பெனியைத் திட்டிவிட்டு, இதைவிட விலை கூடிய பிளானுக்கு மாறுங்கள்.

5. வருஷப் பணத்தை முதல் நாளே கட்டிவிடுங்கள்.

ஒரு மாதம் போட்டுப் பார்த்து முடிவு செய்பவன் கோழை. "பன்னிரண்டு மாசம் கட்டினா ஒரு மாசம் ஃப்ரீ" என்றதும் நகையை வைத்தாவது கட்டுங்கள். வாடகை வீடு என்றால் இன்னும் விசேஷம். நாலாவது மாதம் வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைப்பார், வீடு வேண்டும் என்பார். நீங்கள் போகும் தெருவில் அந்தக் கம்பெனியின் லைனே இருக்காது.

6. மொபைல் ரீசார்ஜில் கை வைக்காதீர்கள்.

சிக்கனத்தின் சிகரம் இதுதான். வீட்டில் வைஃபை வந்தாலும் நாலு போனுக்கும் தினசரி டேட்டா பேக் தொடரட்டும். சுமார் 300 ரூபாய், 28 நாள். 28 நாள் மாதத்தில் வருஷத்துக்குப் பதின்மூன்று ரீசார்ஜ் வரும். நாலு போனுக்கு 15,600 ரூபாய். வீட்டு நெட்டில் மாதம் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க அலைந்த களைப்பில் இதைக் கூட்டிப் பார்க்க நேரமிருக்காது.

பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டுமான பேக்கைக் கம்பெனிகள் கொடுத்தாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. வாசலைத் தாண்டாத தாத்தாவுக்கு அதுவே போதும். மூச்சு விடாதீர்கள். அவருடைய 2 ஜிபி ஒவ்வொரு நள்ளிரவும் தீண்டப்படாமல் காலாவதியாவதில் ஒரு துறவறம் இருக்கிறது.

7. கரண்ட் போனால் ரூட்டரும் போகட்டும்.

சின்ன பேட்டரிப் பெட்டி வைப்பது ஆடம்பரம்.

8. சிவப்பு விளக்கு எரிந்தால் கேபிள்காரரை மட்டும் கூப்பிடுங்கள்.

"அண்ணே, நெட் வரல." "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." இதை வாரம் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு போன் போட்டுப் புகார் எண் மட்டும் வாங்கிவிடாதீர்கள். எண் இருந்தால், தீர்க்காத புகாரைச் செலவில்லாமல் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கே கொண்டுபோகலாம். வேலை நடந்துவிடும் அபாயம் உண்டு. அதற்குப் பதில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கொட்டித் தீர்த்துவிடுங்கள். மொபைல் டேட்டாவில்.

9. மச்சானைச் சேர்த்துவிடுங்கள்.

"உங்க வீட்டு நெட் எப்படி மாமா?" என்று கேட்பார். "சூப்பர், சல்லிசு" என்று சொல்லுங்கள். ஆளைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கு ஒரு மாதம் இலவசம். அவரையும் வருஷப் பணமாகவே கட்டச் சொல்லுங்கள். ரூட்டர் வைக்க அவர் வீட்டுப் பரணில் நீங்களே இடம் பார்த்துக் கொடுங்கள்.