ஏ பிளாக் அட்மிரல்

அயனம்பாக்கத்தில் கடல் கிடையாது. ஏரி உண்டு. மழைக்காலத்தில் அந்த ஏரியைவிட எங்கள் தெருக்கள்தான் கப்பல் போக்குவரத்துக்கு வசதி. மற்ற மாதங்களில் கப்பலுக்கும் ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் இங்கே அபார்ட்மென்டுக்கு ஓர் அட்மிரல் இருக்கிறார்.

கேப்டன் என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் 1991-இல் ‘கேப்டன் பிரபாகரன்’ வந்த பிறகு அந்தப் பட்டத்தைத் தமிழ்நாடு ஒருவர் பெயருக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டது. அவர் மறைந்த பின்னும் அதில் வேறு யாரும் குடியேற முடியாது. அதனால் பதவி உயர்வு கொடுத்து அட்மிரல்.

எங்கள் அட்மிரலுக்கு வயது நாற்பதைத் தொட்டும் தொடாமலும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஐ.டி. வேலை. ஆபீஸ் மீட்டிங்கில் ‘நான் பேசுவது கேட்கிறதா’ என்பதற்கு மேல் அவர் எதுவும் பேசி யாரும் கேட்டதில்லை. வானகரம்–அம்பத்தூர் சாலையில் ஊர்ந்து வீடு வந்து, நாலு தோசையை முடித்து, இரவு ஒன்பதரைக்கு ஹெட்செட்டை மாட்டினார் என்றால் பி பிளாக் வரைக்கும் கேட்கும்: “டேய், சைடு காட்டாதடா! சைடு காட்டாத!” புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள்.

அவர் முதலில் கடற்படையில் இல்லை. டாங்கிப் படையில் இருந்தார். வார்கேமிங் கம்பெனியின் ‘வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்’. கெட்ட நேரம், அவருடைய மாமனார் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் நிஜ டாங்கி செய்து ஓய்வுபெற்றவர். ஒருநாள் மாப்பிள்ளையின் பின்னால் வந்து நின்று, காபியை ஆற்றிக்கொண்டே பார்த்தார். “மாப்ள, அந்தப் பள்ளத்துல இப்படி இறக்குனீங்கன்னா டிராக் கழண்டுரும்” என்றார். கழன்றது. அன்றோடு அட்மிரல் டாங்கியை விட்டார். அதே கம்பெனி 2015 செப்டம்பரில் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ்’ பக்கம் வந்து சேர்ந்தார். கப்பலைப் பற்றி மாமனாருக்கு ஒன்றும் தெரியாது என்பதைத் தீர விசாரித்துக்கொண்ட பிறகுதான்.

விளையாட்டு இதுதான். பக்கத்துக்குப் பன்னிரண்டு கப்பல். அதிகபட்சம் இருபது நிமிடம். வரைபடத்தில் ஏ, பி, சி என்று வட்டங்கள். அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் அணிக்குப் புள்ளி ஏறும், அல்லது எதிரியை முழுக்க மூழ்கடித்தாலும் ஜெயிப்புதான். ஓடி ஒளிந்து டார்பிடோ விடுவது டெஸ்ட்ராயர். எல்லா வேலைக்கும் ஓடுவது க்ரூஸர். பெரிய பீரங்கியோடு மெதுவாகத் திரும்புவது பேட்டில்ஷிப். இவை தவிர விமானந்தாங்கி, நீர்மூழ்கி. முதல் படியில் சின்னக் கப்பல், பத்தாம் படியில் 460 மில்லிமீட்டர் பீரங்கி வைத்த ஜப்பானின் யமாட்டோ. இறங்குவதற்குக் காசு வேண்டாம். வெளியே வருவதற்குள் செலவாகிவிடும்.

புதுசாக விளையாட வருகிறவனைக் கண்டால் அட்மிரலுக்குக் கை பரபரக்கும். லிஃப்டில் மாட்டினால் மூன்றாம் மாடிக்குள் கவசத்தைப் பற்றி முடித்துவிடுவார். பி பிளாக்கில் இரண்டு பையன்கள், இன்ஜினியரிங் முதல் வருஷம். பழைய லேப்டாப்பில் இந்த விளையாட்டை இறக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று மாலையே ஏரிக்கரை நடைக்கு அவர்களைக் கூட்டிப்போய்விட்டார். நானும் போனேன். எனக்கு நடை, அவர்களுக்குப் பாடம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், பாடம் சுத்தமான பாடம். கப்பலின் முழுப் பக்கவாட்டையும் எதிரிக்குக் காட்டினால் கவசம் துளைக்கும் ஏ.பி. குண்டு நேரே உள்ளே போய் இன்ஜின் அறை வரைக்கும் பார்த்துவிட்டு வரும். மூக்கைக் கொஞ்சம் எதிரி பக்கம் சாய்த்து வைத்தால் அதே குண்டு தகட்டில் பட்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே சைடு காட்டாதே. எதிரி சைடு காட்டினால் ஏ.பி. குண்டு, மூக்கைக் காட்டினால் எச்.இ. குண்டு, பின்னது தடித்த கவசத்தைத் துளைக்காது, ஆனால் தீ வைக்கும். உன் கப்பலில் ஒரு தீ பிடித்தவுடன் பதறிப்போய் அதை அணைக்கும் ஆர் பட்டனைத் தட்டாதே. தட்டினால் அது மறுபடி தயாராக நேரமாகும். அதற்குள் எதிரி இரண்டாவது, மூன்றாவது தீயை வைப்பான். நீ பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு தீயைப் பொறுத்துக்கொள், இரண்டாவதற்குத் தட்டு.

“குறி எங்க வைக்கணும் அண்ணா? கப்பல் மேலயா?”

“மேல வச்சா போச்சு. குண்டு போய்ச் சேர அஞ்சு, பத்து செகண்ட் ஆகும்டா. பஸ் ஸ்டாப்ல பஸ் எங்க நிக்கும்? ஸ்டாப்லயா நிக்கும்? டிரைவர் தாண்டிப் போய் நிறுத்துவாரில்ல, அங்க நில்லு. அவ்ளோதான்.”

இதைவிட நன்றாக இதை யாரும் சொல்லிக்கொடுத்து நான் கேட்டதில்லை. அம்பத்தூர் பஸ்ஸுக்கு ஓடிய எவனுக்கும் புரியும்.

இன்னும் உண்டு. சுடாமல் இருக்கும்வரை உன்னைத் தூரத்திலிருந்து பார்க்க முடியாது. சுட்டால் சில விநாடிகளுக்கு வெகு தூரத்துக்குத் தெரிவாய், எனவே சுடுவதற்கு முன் யோசி. முன்னால் நம்மாள் இருக்கும்போது பின்னாலிருந்து டார்பிடோ விடாதே. கண் பாதி நேரம் மூலையில் இருக்கும் குட்டி வரைபடத்தில் இருக்கட்டும். முதலில் கம்ப்யூட்டர் ஓட்டும் கப்பல்களோடு மோதிப் பழகு. படி ஏற அவசரப்படாதே. காசு கொடுத்துப் பெரிய கப்பல் வாங்காதே. எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாகப் போகாதே. “தனியா போனா செத்த. எழுதி வச்சுக்கோ.” பையன்கள் நிஜமாகவே போனில் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

கேட்கிற எவனுக்கும் அட்மிரல் யமாட்டோவை இடக்கையால் ஓட்டுவார் என்றுதான் தோன்றும்.

அட்மிரல் ஓட்டுவது டிர்பிட்ஸ். எட்டாம் படி ஜெர்மன் பேட்டில்ஷிப். காசு கொடுத்து வாங்கியது. வீட்டுக் கணக்கில் அது பிராட்பேண்ட் சந்தாவோடு கலந்துவிட்டது. டிர்பிட்ஸில் டார்பிடோவும் உண்டு. பேட்டில்ஷிப்பில் டார்பிடோ இருப்பது அவரைப் போன்ற ஆளுக்கு ஆகாது. டார்பிடோ போய்ச் சேரும் தூரம் குறைவு. விடவேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும். அவர் கிட்டே போவார். தனியாகப் போவார். பதினோரு பேர் இடதுபக்கம் திரும்பினால் இவர் வலதுபக்கத் தீவுகளுக்கு நடுவே போவார். ஆட்டம் ஆரம்பித்து நாலாவது நிமிடம், ஐந்தாவது நிமிடம், ஏழெட்டுக் கப்பல் சேர்ந்து அவரைக் கரைத்துவிடும். அசல் டிர்பிட்ஸ் நார்வேயின் மலையிடுக்கு நீரில் வருஷக்கணக்காகப் பதுங்கியிருந்தே பிரிட்டிஷ் கடற்படையைக் கவலையில் வைத்திருந்தது. 1944 நவம்பரில் விமானங்கள் வந்துதான் அதைக் கவிழ்க்க வேண்டியிருந்தது. அந்தக் கப்பல் இவரிடம் வந்து சேர்ந்தது அதன் தலையெழுத்து.

இதில் ஒரு நுணுக்கம். மூழ்கியவர் வெளியே போக வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் கூட்டாளிகளின் கப்பலுக்குப் பின்னால் ஆவியாக மிதந்து கடைசி வரை வேடிக்கை பார்க்கலாம், டைப் அடிக்கலாம். உயிரோடிருப்பவனுக்குப் பேச நேரமில்லை; அவனுக்குச் சுக்கான், பீரங்கி, தீ. நாலாவது நிமிடத்தில் மூழ்கியவருக்குப் பதினாறு நிமிடம் இருக்கிறது. அட்மிரலின் போர்த் தந்திர ஞானம் முழுவதும் இந்தப் பதினாறு நிமிடங்களில் விளைந்தது. அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் மிதந்து மிதந்து, யார் எங்கே தப்புச் செய்கிறார்கள் என்று அவர் அளவுக்குப் பார்த்தவர் ஆசிய சர்வரிலேயே இருக்க மாட்டார்.

ஏன் தனியாகப் போகிறார் என்பதற்குக் காரணம் எம்டன். சின்ன வயதில் பாட்டி அவரைச் ‘சரியான எம்டன்’ என்பாராம். திட்டா பாராட்டா என்று அவர் இன்றுவரை விசாரிக்கவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் க்ரூஸர் துணையில்லாமல் மெட்ராஸுக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு அரை மணி நேரத்துக்குள் போயே போய்விட்டது. ஊரில் நிறையப் பேர் மூட்டை கட்டினார்கள். அது நடந்ததும் ஒன்பதரை மணி வாக்கில். அட்மிரல் ஹெட்செட் மாட்டும் நேரமும் அதுதான். இது தற்செயல் என்று சொன்னால் அவர் முகம் வாடும். ஹைகோர்ட் மதில் பக்கம் இருக்கும் எம்டன் கல்வெட்டுக்கு முன் நின்று எடுத்த படம்தான் அவருடைய வாட்ஸ்அப் முகப்பு. மூன்று புகைபோக்கிக் கப்பலான எம்டனுக்கு அதன் தளபதி ஃபான் முல்லர் நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி வைத்து பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்ட கதையைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். பினாங்கில் புகுந்து ரஷ்ய க்ரூஸரை அடித்த கதையும் உண்டு. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி வந்தது, எம்டனைவிடப் பெரிய பீரங்கியும் கூடுதல் வேகமும் அதற்கு. எம்டன் பவளப்பாறை மேல் ஏறி நின்றதோடு சரி. இந்தப் பகுதியை மட்டும் அவர் வேகமாகச் சொல்லிவிடுவார்.

விளையாட்டிலும் எம்டன் இருக்கிறது. இரண்டாம் படி. நானே ஒருமுறை கேட்டேன், ஏன் அதையே ஓட்டக்கூடாது என்று. “ரொம்பச் சின்னது சார்” என்றார்.

பாடம் நடத்தும்போது மட்டும் எம்டன் வாயில் வராது. அங்கே அவர் எடுப்பது ரிவர் பிளேட் சண்டை. 1939 டிசம்பர் 13, தென் அமெரிக்கக் கரையோரம். ஜெர்மனியின் கிராஃப் ஸ்பே, 28 சென்டிமீட்டர் பீரங்கி ஆறு, மும்மூன்றாக இரண்டே கோபுரத்தில். எதிரே அதைவிடச் சின்ன மூன்று க்ரூஸர்: எக்ஸெடர், ஏஜாக்ஸ், அகிலீஸ். மூன்றும் ஒட்டிக்கொண்டு போகவில்லை. எக்ஸெடர் ஒரு பக்கம், மற்ற இரண்டும் இன்னொரு பக்கம். பெரியவன் யாரைச் சுடுவான்? எக்ஸெடரைச் சுட்டான். அது உருக்குலைந்தது. அந்த நேரத்தில் மற்ற இரண்டும் கொத்திக் கொத்தி எடுத்தன. கிராஃப் ஸ்பே மான்டிவீடியோ துறைமுகத்தில் ஒதுங்கி, நாலாம் நாள் தன்னைத் தானே வெடிவைத்துக்கொண்டது. “அந்த அகிலீஸ் எங்க வந்தது தெரியுமா? நம்ம நேவிக்கு! 1948-ல டெல்லின்னு பேர் வச்சாங்க. அப்புறம் இந்தச் சண்டையைப் படமா எடுத்தப்ப, அகிலீஸா நடிக்க டெல்லியையே கூப்பிட்டாங்க. தன் வேஷத்தைத் தானே போட்ட கப்பல்டா அது!” ஏரிக்கரையில் எதிரே வந்த ஒரு பெரியவர் நின்று முழுவதும் கேட்டுவிட்டுப் போனார்.

சோகம் என்னவென்றால், பையன்கள் அவர் சொன்னதை அப்படியே கேட்டார்கள். அந்த லேப்டாப்பின் லட்சணத்தில் வேறு எதையும் வேகமாகச் செய்ய முடியாது என்பதும் ஒரு காரணம். ஒரு வருஷத்துக்கு மேல் கம்ப்யூட்டரோடு மோதினார்கள், படிப்படியாக ஏறினார்கள், ஒரு தீக்கு ஆர் தட்டவில்லை, சைடு காட்டவில்லை, காசு செலவழிக்கவில்லை, காசு இல்லை. இரண்டு பேரும் எட்டாம் படிக்கு வந்து சேர்ந்தார்கள், க்ரூஸரில். அப்போது அட்மிரல் தாமாகவே, “டேய், டிவிஷன் போடலாமா?” என்றார். டிவிஷன் என்றால் ஒரே அணியில் சேர்ந்து இறங்குவது. மூன்று பேர் வரை சேரலாம்.

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஆட்டத்தைப் பி பிளாக் சுவர் வழியாகவே ஒரு வருஷம் கேட்டவர்கள். மூத்தவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “போடலாம் அண்ணா. ஆனா நீங்க முன்னாடி போங்க” என்றான்.

அட்மிரல் முன்னாடி போனார். வலதுபக்கத் தீவுகளுக்கு நடுவே, தனியாக. எதிரி அணியில் பாதி அவர் பக்கம் திரும்பியது. எல்லாப் பீரங்கியும் அவரை நோக்கிப் பேசவேண்டுமென்றால் கப்பலை அகலமாகத் திருப்பியாக வேண்டும், திருப்பினார்கள். சுட்டார்கள், சுட்டதால் அதுவரை தெரியாமல் இருந்தவர்களும் தெரிந்தார்கள். ஆறு கப்பல், வரிசையாக, முழுப் பக்கவாட்டு. தீவுக்கு இந்தப் பக்கம் இரண்டு க்ரூஸர்கள் ஏ.பி. குண்டோடு காத்துக்கொண்டிருந்தன. நாலரை நிமிடத்தில் அட்மிரல் மூழ்கினார். பத்தாவது நிமிடத்தில் எதிரியின் வலதுகை இல்லை. ஆட்டம் ஜெயம்.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட தினமும் இதே கதை. அவர் மூழ்குவார், ஆவியாக மிதந்துகொண்டு, “அப்படித்தான்! ஏ.பி. போடு! மூக்கைத் திருப்பு! சொன்னேன்ல?” என்று வழிநடத்துவார். பையன்கள் அவர் குரலை முக்கால்வாசி குறைத்து வைத்திருந்தார்கள், முழுக்க அணைக்கவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளைகள்.

போன மாதம் மச்சினன் வீட்டு விசேஷத்துக்காக அட்மிரல் குடும்பத்தோடு அரக்கோணம் போயிருந்தார். திரும்பி வந்த மறுநாள் ஏரிக்கரையில் என்னைப் பிடித்து நிறுத்தி, போனை நீட்டினார். மூத்தவன் அனுப்பியிருந்தான்: “அண்ணா எப்ப வருவீங்க? வரிசையா தோத்துட்டு இருக்கோம். எதிரி ஒருத்தனும் கண்ணுலயே பட மாட்றான்.”

“பாத்தீங்களா சார்,” என்றார் அட்மிரல். “கோச்சிங் ரெண்டு நாள் நின்னதுக்கே இப்படி.”