மாமாவுக்கு ஒரு உப்புக் கணக்கு

கிச்சனர், ஒன்டாரியோ
பிப்ரவரி, குடும்ப தினத்துக்கு மறுநாள்

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொண்டது. இங்கே சுகம் என்று எழுதினால், மைனஸ் 17 டிகிரியில் என்ன சுகம் என்று கேட்பீர்கள். அதனால் உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் அத்தையிடமும் ஆச்சியிடமும் சொல்லிவிடுங்கள்.

போன வாரம் போனை எடுத்ததும் நீங்கள் கேட்டது: "ஏல மருமவனே, அங்க ரோட்டுல உப்பக் கொட்டுதானுவளாமே, டன் என்ன வெல?" சாப்பிட்டியா, குளிருதா, ஒரு பேச்சு கிடையாது. எடுத்த எடுப்பிலேயே டன். பின்னாலிருந்து அம்மா போனைப் பிடுங்கி, "அருவிக்குப் போறியாமே, தலைக்கு எண்ண வச்சிட்டுப் போ" என்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்து இதிலேயே பதில் எழுதுகிறேன். போனில் சொன்னால் லோடு வந்துட்டுது என்று பாதியில் வைத்துவிடுவீர்கள்.

முதலில் உப்பு. கொட்டுகிறார்கள் மாமா. லாரிக்குப் பின்னால் ஒரு வட்டத் தட்டு சுழன்று வாரி இறைத்துக்கொண்டே போகிறது. தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையும். உப்புத் தண்ணீர் அதற்கும் கீழே போனால்தான் உறையும். அதனால் பனி விழுவதற்கு முன்பும் உப்பு, விழுந்த பின்பும் உப்பு. மைனஸ் பத்துக்குக் கீழே போனால் உப்பும் சோம்பிவிடும். கடுங்குளிரில் டொராண்டோ மாநகராட்சி உப்புநீரோடு சர்க்கரைப் பீட்டின் சாற்றையும் கலந்து தெளிக்கிறது. கொஞ்சம் புளியும் பெருங்காயமும் சேர்த்தால் நெடுஞ்சாலையிலேயே ரசம் வைத்துவிடலாம்.

நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் இப்படிச் சாலையில் போகிறது. நம் தூத்துக்குடி மாவட்டம் நல்ல வருஷத்தில் எடுப்பதே 25 லட்சம் டன் என்பீர்களே, அதைப் போல இரண்டு பங்கு. முழுக்கச் சக்கரத்துக்கு அடியில்.

இதைக் கேட்டதும் நீங்கள் கப்பல் வாடகை விசாரிக்கக் கிளம்பியிருப்பீர்கள். 1906இல் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கியதற்குப் பிறகு ஊரில் இன்னொருவர் என்று பெயர் வரும்தான். ஆனால் வேண்டாம். ஒன்று, எங்கள் ஊருக்கு மேற்கே காடரிச் என்று ஓர் ஊர். 1866இல் அங்கே எண்ணெய் கிடைக்குமா என்று துளை போட்டிருக்கிறார்கள், உப்பு கிடைத்திருக்கிறது. இன்று ஹ்யூரான் ஏரிக்கு அடியில் அரை கிலோமீட்டர் ஆழத்தில் வெட்டுகிறார்கள். நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகத்திலேயே பெரியது. 40 கோடி வருஷத்துக்கு முன்னால் வற்றிய கடலின் உப்பு அது. போன வருஷத்து அம்பாரத்தைப் பழைய சரக்கு என்று விலை குறைத்துக் கேட்கும் வியாபாரிகளை இங்கே அனுப்பிவைக்க வேண்டும். இரண்டு, ஏரிகளுக்குள் கப்பல் வரும் செயின்ட் லாரன்ஸ் வழியை ஜனவரி முதல் வாரத்துக்குள் மூடிவிடுவார்கள், மார்ச்சில்தான் திறப்பார்கள். எப்போது உப்பு வேண்டுமோ அப்போது உங்கள் கப்பல் வெளியே நிற்கும். உள்ளே வந்து சேரும்போது பனி உருகியிருக்கும்.

சாலையோடு முடிந்தால் பரவாயில்லை. பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டு வாசல் நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது இந்த ஊர்ச் சட்டம். எங்கள் வீட்டில் முறை வைத்துச் செய்கிறோம். என் முறை வந்த அன்று, அத்தை விடிகாலையில் கோலப்பொடி விடுவதைப் போல இரண்டு விரலில் எடுத்து, விரயமாகாமல் தூவிக்கொண்டிருந்தேன். கூட இருக்கும் பஞ்சாபிப் பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூட்டையைப் பிடுங்கி வாசல் முழுக்கக் கொட்டினான். எனக்கு வயிறு எரிந்தது. அவனுக்கென்ன, கோதுமைக்காரன். கோதுமையை யாராவது ரோட்டில் கொட்டினால் தெரியும்.

இங்கே பிப்ரவரி மூன்றாவது திங்கள்கிழமை குடும்ப தினம். 2008 முதல் அரசு விடுமுறை. குடும்பத்தைக் கடல் தாண்டி விட்டுவிட்டு வந்திருக்கும் நான், பஞ்சாபி, அதே வீட்டில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரன் ஆகிய மூவரும் அதைக் கொண்டாடுவது என்று முடிவெடுத்தோம். டொராண்டோ பார்த்துவிட்டு, அப்படியே நயாகரா. பஞ்சாபியின் கார். அது எந்தக் காலத்துக் கார் என்பதை அதன் அடிப்பக்கத்தைத் துரு தின்றிருப்பதை வைத்துச் சொல்லலாம். துருவுக்கும் காரணம் உங்கள் சரக்குதான்.

401ஆம் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் ஒவ்வொரு லாரியும் உருகிய பனியையும் உப்பையும் சேர்த்து எங்கள் கண்ணாடியில் அடித்தது. அது காய்ந்ததும் கண்ணாடி பாத்தியில் உப்புக் கட்டிய மாதிரி வெளுத்துவிடும். கழுவ இங்கே மைனஸ் 40 வரை உறையாத நீல நிறத் திரவம் விற்கிறார்கள். அது நடுவழியில் தீர்ந்தது. கோயம்புத்தூர்க்காரன், "இதுக்குப் போயி" என்று இறங்கி, குடிதண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றினான். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்குத் தண்ணீர் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஊற்றிய தண்ணீர் அந்த நொடியே கண்ணாடியாக உறைந்தது. இப்போது கண்ணாடிக்கு மேல் ஒரு கண்ணாடி, நடுவில் உப்பு. சாலையோரத்தில் நிறுத்திச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, பனி வாரும் வண்டியோட்டும் ஒரு பெரியவர் நிறுத்தி, ஒரு கேன் நீலத் திரவத்தைக் கொடுத்தார். காசு நீட்டினோம், கையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

டொராண்டோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சி.என். கோபுரம் 553 மீட்டர். பாதிக்கு மேல் மேகம். மேலே போகக் காசு கேட்டார்கள். கீழேயிருந்து மேகத்தைப் பார்ப்பது இலவசம். நேரே ஸ்கார்பரோ போனோம். அங்கே கடைப் பலகையெல்லாம் தமிழ். கொத்துரொட்டி வாங்க நின்ற இடத்தில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர், "தம்பி எந்த இடம்?" என்றார். தூத்துக்குடி என்றேன். "அட, தோணி வாற ஊர்! எங்கட அப்பா கொழும்பில கடை வச்சிருந்தவர். உங்கட வெங்காயம் தோணியில வரும்" என்றார். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்ததைப் போல என்னை உட்கார வைத்து, மீன் ரோல் ஒன்று அதிகமாக வாங்கிக் கொடுத்தார். 2011இல் ஸ்கோடியா பிரின்ஸ் கப்பல் ஓடிய அந்தச் சில மாதத்துக்குள் எங்கள் மாமா கொழும்பு போய்வந்தார் என்று பெருமையாகச் சொன்னேன். அன்றிலிருந்து வெளிநாடு சம்பந்தமான எல்லா விஷயத்திலும் குடும்பத்துக்கு நீங்கள்தான் அதிகாரி என்பதைச் சொல்லவில்லை.

இனி அம்மாவின் கேள்வி. எண்ணெய் வைத்தேன். விடுதியில் காலையில் எழுந்து, நல்லெண்ணெயை உச்சியில் நன்றாகத் தேய்த்து, அதற்கு மேல் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினேன். ஹீட்டர் சூட்டில் வாசம் எழும்ப, பஞ்சாபி ஜன்னலைத் திறந்தான். மைனஸ் குளிர் முகத்தில் அடித்தது, மூடினான். வாசம் வந்தது, திறந்தான். நயாகரா வரை இப்படியே.

அம்மா, இந்த அருவியில் குளிக்க முடியாது. பனிக்காலம் என்பதால் என்று நினைத்துவிட வேண்டாம், கோடையிலும் கிடையாது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்தருவியில் இடித்துப் பிடித்து உள்ளே போய், தலையில் தண்ணீர் அறைந்து மூச்சு முட்டி, போலீஸ் விசில் அடித்து வெளியே இழுத்து, மறுபடியும் வரிசையில் போய் நின்ற எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. எண்ணெய்த் தலையோடு அருவிக்கு நேரே நின்று நனையாமல் திரும்பிய ஆள் நம் ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நனையாமல் என்று சொல்வதும் சரியில்லை. சாரல் வந்தது. வந்து, புருவத்திலும் இமையிலும் உறைந்தது. கம்பி, விளக்குக் கம்பம், மரக்கிளை எல்லாவற்றையும் அந்தச் சாரல் மூடி, விரல் கனத்துக்குப் பனிக்கட்டி.

ஆனால் மாமா, நடுவில் குதிரை லாடம் மாதிரி வளைந்து, 57 மீட்டர் ஆழத்துக்குப் பச்சையாக ஒரு ஆறு அப்படியே விழுகிறது. அந்த இரைச்சலில் கோயம்புத்தூர்க்காரன்கூட வாயை மூடினான். நான் பார்த்துவிட்டேன், நீங்கள் பார்க்கவில்லை. இதை மட்டும் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம்தான் அந்தத் தகவல் பலகையைப் படித்தேன். பனிக்காலத்தில் அருவியைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள்! கனடாவும் அமெரிக்காவும் 1950இல் போட்ட ஒப்பந்தம். சுற்றுலாக் காலத்தில் பகல் நேரத்தில் நொடிக்கு 28 லட்சம் லிட்டருக்குக் குறையாமல் விழ வேண்டும். ராத்திரியிலும், நவம்பரிலிருந்து மார்ச் வரையிலும் 14 லட்சம் லிட்டர் விழுந்தால் போதும். மிச்சத்தை மேலேயே திருப்பி இரண்டு நாட்டுக்காரர்களும் மின்சாரம் எடுக்கிறார்கள். அதாவது நான் பார்த்தது அரை நயாகரா. வண்டி நிறுத்தக் கொடுத்தது முழுக் காசு.

அந்த அரையே, நம் தெருவுக்கு வரும் பத்தாயிரம் லிட்டர் தண்ணி லாரியில் கணக்குப் போட்டால் நொடிக்கு 140 லாரி. வல்லநாட்டிலிருந்து வரும் குழாய்த் தண்ணீருக்காக அம்மா எத்தனை ராத்திரி குடத்தோடு விழித்திருக்கிறாள்! இவர்கள் வேடிக்கை பார்க்க இவ்வளவு, கரண்டுக்கு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, எழுபது வருஷத்துக்கு மேலாக அதன்படி நடக்கிறார்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் வாழைக்கு இவ்வளவு, ஆலைக்கு இவ்வளவு என்று இப்படி ஒரு காகிதம் இருந்தால் எவ்வளவு சண்டை மிச்சம் என்று தோன்றியது. தோன்றியதைக் கோயம்புத்தூர்க்காரனிடம் சொன்னேன். அவன் சிறுவாணி, கேரளா என்று ஆரம்பித்துவிட்டான்.

ஒப்பந்தம் இல்லாமலேயே ஒருமுறை அருவி நின்றிருக்கிறது. 1848 மார்ச் கடைசியில் ஈரி ஏரியின் வாயைப் பனிக்கட்டி அடைத்து, ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் இல்லை. உலகம் முடியப்போகிறது என்று ஒரு கூட்டம் கோயிலுக்கு ஓட, இன்னொரு கூட்டம் வறண்ட ஆற்றுக்குள் இறங்கிப் பழைய போர்க்காலத்துத் துப்பாக்கிமுனைக் கத்திகளைப் பொறுக்கியிருக்கிறது. நம்மவர்கள் இருந்திருந்தால் சிப்பி கிடக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். ஆச்சிக்கு ஒரு செய்தி: 1901இல் ஆன்னி டெய்லர் என்ற பள்ளிக்கூட டீச்சர், தன் 63ஆவது பிறந்தநாளில் பீப்பாய்க்குள் உட்கார்ந்து இந்த அருவியில் விழுந்து பிழைத்திருக்கிறார். மூட்டுவலி என்று ஆச்சி மாடிப்படி ஏற மறுக்கும்போது சொல்லிப் பாருங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். பனிமய மாதா கோயிலில் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றும்போது, பனியைப் பார்த்துவிட்டேன், ஒருமுறை போதும் என்று மாதாவிடமும் தெரிவித்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இதை அத்தைக்குப் படித்துக் காட்டாமல் நீங்கள் மட்டும் படியுங்கள்.

மறுநாள் காலை வெயில் அடித்தது. தரை முழுக்க வெள்ளை. கண்ணைத் திறக்க முடியவில்லை, தண்ணீராகக் கொட்டியது. பஞ்சாபி காரிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தான். இந்த ஊரில் கோடையைவிடப் பனிக்காலத்துக்குத்தான் அது வேண்டுமாம். போட்டதும் நிம்மதி. உடனே முத்தையாபுரம் அளம் ஞாபகம் வந்தது மாமா. லீவில் நான் அங்கே கணக்கு எழுத உட்கார்ந்தபோது, உப்பு வாருகிற அக்காமார் கண் எரியுது, கண்ணாடி வாங்கித் தரச் சொல்லு என்று என்னிடம்தான் கேட்டார்கள். உங்களிடம் சொன்னேன். "என்ன, சினிமாவுல நடிக்கப் போறாளுவளா?" என்றீர்கள். நானும் சிரித்தேன். இங்கே உப்பு லாரி ஓட்டுகிறவர் கண்ணாடிக் கூண்டுக்குள் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறார். உப்பைக் கையால் தொடுவதுகூட இல்லை, அவருக்குக் கறுப்புக் கண்ணாடி, கையுறை, பூட்ஸ் எல்லாம் இருக்கிறது. அக்காமார் காலை வெயிலில் வெறுங்காலோடு பாத்தியில் நிற்கிறார்கள். இந்தச் சீசன் வாருவதற்கு முன்னால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நான் பணம் அனுப்பலாம், ஆனால் அது உங்களுக்கு அவமானம் என்று சொல்வீர்கள். சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

கோபம் வந்தால் ஒரு நாள் கழித்துப் போன் பண்ணுங்கள்.

அடுத்த மாதம் நம் தெருக்கோடி வீட்டுப் பையன் இங்கே படிக்க வருகிறான். அவனிடம் மக்ரூன் ஒரு கிலோ கொடுத்துவிடுங்கள், டப்பாவில் போட்டு. போன தடவை தூளாக வந்ததைக் கரண்டியால் சாப்பிட்டோம். ஊறுகாய் வேண்டாம், எண்ணெய் கசிந்து சட்டையெல்லாம் போயிற்று. சீலாக் கருவாடு கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தக் குளிரில் ஜன்னலைத் திறக்காமல் அதைப் பொரித்தால் வீட்டுக்காரி எங்களைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாள். ஆனால் மூன்று கவர் போட்டு இறுக்கிக் கட்டினால் பெட்டியில் வாசமே வராது என்று கோயம்புத்தூர்க்காரன் சொல்கிறான். அவன் ஊரில் கடலே கிடையாது, இருந்தாலும் சொல்கிறான்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்