பன்னாட்டு மடக்குக் கத்திகள்: ஒரு பாக்கெட் ஆய்வு

முன்னுரை

பல நாட்டு மடக்குக் கத்திகளைக் கிழமைக்கு ஒன்றாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிதல் என்னும் பொருண்மை குறித்து இதுகாறும் தமிழில் ஆய்வேதும் நிகழ்த்தப்பெறவில்லை. ஏன் நிகழ்த்தப்பெறவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது. அதைக் கேட்க ஆரம்பித்தால் பல துறைகளை இழுத்து மூட வேண்டிவரும்.

கருதுகோள்: ஒருவரிடம் எத்தனை நாட்டுக் கத்தி இருந்தாலும் அவர் அறுக்கப்போவது கூரியர் பார்சலின் பழுப்பு டேப்பைத்தான். கருதுகோள் இந்த வாக்கியத்திலேயே நிறுவப்பட்டுவிட்டது. ஆயினும் பக்க எண்ணிக்கை கருதி ஆய்வு தொடர்கிறது.

ஆய்வு எல்லை

மடங்குவன மட்டும் கொள்ளப்பட்டன. அரிவாள் மடங்காது. அரிவாள்மணை மடங்கும், ஆனால் பாக்கெட்டில் போகாது. பின்லாந்தின் பூக்கோ உறையில் வாழ்வது. பின்லாந்து வாசகர்கள் மன்னிக்கவும்.

சட்டமும் ஓர் எல்லையே. பிரிட்டனில் 3 அங்குல அலகு வரைக்கும், அதுவும் பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தி என்றால், தெருவில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. நம் ஆயுத விதிகளோ அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டால், அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்றால் புருவம் உயர்த்துகின்றன. அப்போதும் வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கான கத்திகளுக்கு விலக்கு உண்டு. 9 அங்குல அலகை மடக்கி வைக்கும்படி பாக்கெட் தைத்துத் தரும் டெய்லர் கள ஆய்வில் அகப்படவில்லை.

இயல் 1: சுவிட்சர்லாந்து

கார்ல் எல்ஸ்னர் 1884இல் ஈபாக் என்ற ஊரில் பட்டறை வைத்தார். 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குப் படைவீரர் கத்தி வந்தது. அந்த முதல் சுவிஸ் கத்திகள் செய்யப்பட்டது ஜெர்மனியின் சோலிங்கன் நகரில். தேசபக்தர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம். கார்க் திருகியுடன் கூடிய அதிகாரிகள் கத்தி 1897இல் பதிவாயிற்று. ராணுவம் அதை அதிகாரிகளுக்குக் கொடுக்கவே இல்லை, அவர்களே கைக்காசு போட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒயின் என்றால் அரசாங்கத்தை எதிர்பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா?

நம் ஊர்ப் பாட்டில்களுக்குத் திருகுமூடி என்பதால் கார்க் திருகிக்கு இங்கே வேலை இல்லை என்பர் மேலோட்டமான ஆய்வாளர். அது பிழை. துவைத்துக் காய்ந்து இறுகிப்போன பைஜாமா நாடா முடிச்சுக்குள் அதன் நுனியைக் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால், எந்த நகத்துக்கும் பல்லுக்கும் அசையாத முடிச்சு நெகிழ்ந்து கொடுக்கும். இந்தக் கத்தியோடு வரும் பல்குத்தியை இரவல் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி உளவியல் துறை ஆராயட்டும்.

இங்கே ஓர் இடைப்பிறவரல். நம் பழைய ஏட்டுப் பள்ளிக்கூடங்களில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. பிடியின் ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலை வாரும் கத்தி, இரண்டும் மடங்கிப் பிடிக்குள் போகும். சுவிஸ்காரர்கள் இதைப் பார்த்துத்தான் காப்பியடித்தார்கள் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆதாரம் ஒரு துளியும் இல்லை. ஆனாலும் எழுதினால் அடுத்த வாரமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா எனக்கே அதை அனுப்பிவைப்பார்.

இயல் 2: ஸ்பெயின்

அல்பசேத்தே நகரத்து நவாஹா திறக்கும்போது கடகடவென்று சத்தம் போடும், நூலகத்துக்கு உதவாது.

இயல் 3: அமெரிக்கா

பக் 110, 1964இல் வந்தது, ஏறக்குறைய 200 கிராம். பெல்ட் போடாதவர்கள் தவிர்க்கவும்.

இயல் 4: ஜப்பான்

ஹிகோநோகாமி என்றால் ஹிகோ நாட்டு அதிபதி. ஹிகோ இருப்பது கியூஷு தீவில். கத்தி செய்யப்படுவதோ தொலைவில், ஹியோகோ மாகாணத்து மிகி நகரில். மேலே ஒருவர் பெயர், உள்ளே வேலை செய்தவர் வேறோர் ஊர்க்காரர். முனைவர் பட்ட ஆய்வேடுகளோடு பழக்கம் உள்ளவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது.

பூட்டு கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. அலகின் வாலில் ஒரு சிறு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரல் அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை கத்தி திறந்திருக்கும். ஒரு காலத்தில் ஜப்பானியப் பிள்ளைகள் இதை வைத்துத்தான் பென்சில் சீவினார்கள். 1960 வாக்கில் கத்தி ஒழிப்பு இயக்கம் வந்து பிள்ளைகள் கையிலிருந்து அதைப் பிடுங்கியது.

இயல் 5: பிரான்சு (அ)

ஜோசப் ஓப்பினெல், சவுவா மலைநாடு, 1890. பீச் மரப் பிடி. 1 முதல் 12 வரை எண்கள், பிற்பாடு 1ஐயும் 11ஐயும் நிறுத்திவிட்டார்கள். 1955இல் கழுத்தில் ஒரு பூட்டு வளையம் சேர்ந்தது.

மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும். உப்பினால் அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சவுவாக்காரர்கள் பிடியின் அடிப்புறத்தை மேசையில் ஓங்கித் தட்டுவார்கள். அலகு எட்டிப் பார்க்கும், விரலால் இழுத்துக்கொள்ளலாம். ஐப்பசி மாதச் சென்னையில் இந்தத் தட்டலை அலுவலகத்தில் செய்துகாட்டியபோது பக்கத்து மேசைக்காரர் "என்ன சார், ஏலமா?" என்று கேட்டார். அவர் கூற்று இவ்வாய்வில் முதன்மைத் தரவாகக் கொள்ளப்படுகிறது.

இயல் 6: பிரான்சு (ஆ), அல்லது பூச்சிப் பிரச்சினை

ஆய்வின் உயிர்நாடி இதுவே. லாயோல் கத்தி 1829ஐ ஒட்டி அவேரோன் பகுதியின் லாயோல் கிராமத்தில் பிறந்தது. இப்போது பெரும்பாலும் தியேர் நகரில் செய்கிறார்கள். பிடியின் முதுகில், ஸ்பிரிங் முடியும் இடத்தில், உலோகத்தில் ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கிறது. அது ஈயா, தேனீயா?

தேனீக் கட்சியின் தலைவர் அது தேனீயே என்கிறார் (மேலது). எதன் மேலது என்று தேடினால் அவருடைய மாணவரின் ஆய்வேடு. ஆய்வேடு தன் நெறியாளரின் உரையைச் சுட்டுகிறது. நெறியாளர் இந்தத் தலைவரே. உரை நிகழ்ந்தது ஒரு தேநீர் இடைவேளையில், கேட்டவர் அந்த மாணவர் மட்டும், அவர் கையிலும் அப்போது வடை இருந்தது.

ஈக் கட்சியின் ஆதாரம் இதைவிடத் திடமானது: அச்சேறாத கைப்பிரதி, பாகம் 2 (பாகம் 1 எழுதப்படவில்லை), 'பிற்சேர்க்கைக்குப் பிற்சேர்க்கை', மூன்றாம் அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, காப்பிக் கறைக்கு வலப்புறம், கரப்பான் அரித்த சொற்கள் நீங்கலாக. அரித்த சொற்களில்தான் 'அல்ல' என்பதும் இருந்தது என்று தேனீக் கட்சி மறுப்பு வெளியிட்டது. கரப்பானையும் ஓர் உரையாசிரியராக ஏற்க வேண்டும் என்று மூன்றாவதாக ஒரு தரப்பு கிளம்பியிருக்கிறது.

நெப்போலியன்தான் அந்த ஊராரின் வீரத்தை மெச்சித் தேனீச் சின்னத்தை வழங்கினான் என்று ஒரு கதை. அவன் செத்தது 1821இல், கத்தி பிறந்தது அதற்கு எட்டு ஆண்டு கழித்து. இறந்தபின் வழங்கினான் என்று கொண்டால் முரண் தீர்ந்துவிடுகிறது. நம் தலபுராணங்களைப் படித்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு சிக்கலே அல்ல.

இனி அறிவியல். ஈக்கு 2 சிறகு, தேனீக்கு 4. உருப்பெருக்கியை வைத்து எண்ணினேன்: 2. ஈக் கட்சி இனிப்பு வழங்கியது. வாயில் போடுமுன் மறுப்பு வந்தது: பறக்கையில் தேனீயின் முன்சிறகும் பின்சிறகும் நுண்ணிய கொக்கிகளால் கோத்துக்கொள்கின்றன, ஆகவே பார்வைக்கு இரண்டுதான். உண்மைதான். ஆனால் கத்தி மேல் இருப்பது பறக்கவில்லை. பறந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கவேண்டியதுதான். போதாக்குறைக்கு ஆதிக் கத்திகளில் பூச்சியே கிடையாது, அந்த இடம் வெறும் மொட்டை. பூச்சி வந்து உட்கார்ந்தது 20ஆம் நூற்றாண்டில். இல்லாத பூச்சியின் இனம் பற்றியும் தனியே ஒரு கருத்தரங்கு நடத்தலாம்.

கள ஆய்வு: மொட்டைமாடி, மாலை நேரம். லாயோலால் ஒரு கொய்யாவைப் பிளந்து கைப்பிடிச் சுவரில் வைத்தேன். அலகில் சாறு, ஒட்டிக்கொண்ட இரண்டு மூன்று விதை. நிஜ ஈ ஒன்று வந்தது. உலோகப் பூச்சியின் தலையில் இறங்கி, முன்னங்கால்களைத் தேய்த்து, நான்கு எட்டு நடந்தது. உறவு கொண்டாடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பிடியோரமாகவே போய் அலகில் ஏறிச் சாற்றைக் குடிக்க ஆரம்பித்துவிட்டது. இத்துறையில் மூலத்தை நேரடியாக அணுகியவர் அது ஒன்றே.

இயல் 7: பிற

டூக்-டூக் 1929இல் தியேரில் பசிபிக் தீவுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டு, அல்ஜீரியாவில் போய் விலைபோனது. ஒக்காப்பி ஆப்பிரிக்கச் சந்தைக்கென்று ஜெர்மனியில் பிறந்தது. ராம்பூர் கத்திக்கு இந்திப் படம் பார்த்தவர்களிடம் விளக்கம் தேவையில்லை.

முடிவுரைக்குப் பதில் ஓர் அறிவிப்பு

மலேசியாவிலிருந்து ஒருவர் வீடியோவில் தலைகாட்டினாலே கருத்தரங்கு பன்னாட்டுக் கருத்தரங்கு ஆகிவிடும் என்பது நடைமுறை. அதன்படி பார்த்தால் என் பேண்ட் பாக்கெட் எத்தனையோ காலமாகப் பன்னாட்டுக் கருத்தரங்கு. கட்டுரை அனுப்புவோர் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும். கட்டுரை அனுப்பாதோரும் செலுத்தலாம், சான்றிதழில் வேறுபாடு இராது. வெளியூர்ப் பேராளர்கள் கத்தியைக் கைப்பையில் வைத்து விமானம் ஏற வேண்டாம். மதிய உணவுக்குப் பின் கொய்யா நறுக்கித் தரப்படும். எந்த நாட்டுக் கத்தியால் என்பது அன்றைய ஈரப்பதத்தைப் பொறுத்தது.