அமரியாதைச் சொற்களின் விலாச நிர்ணயம்

ஒருவன் மரியாதை தவறி நடந்தான் என்று சொல்ல ஆங்கில பாஷையில் எத்தனை சொற்கள் உண்டோ அத்தனையையும் அகராதியிலிருந்து பொறுக்கியெடுத்து, குலமும் கோத்திரமும் விசாரித்து வரிசைப்படுத்தும் ஒருவர், அவற்றுள் மிகப் பல அந்த மனிதனுடைய நடத்தையைப் பற்றி மூச்சு விடாமல், அவன் எந்த ஊரில் குடியிருந்தான், எவருடைய நிலத்தை உழுதான், எவர் வீட்டுச் சட்டியைத் தேய்த்தான் என்பனவற்றை மட்டும் வெகு சிரத்தையாகக் குறித்து வைத்திருப்பதைக் கண்டு சற்றுத் திகைக்கவே செய்வார். ஆகவே இச்சொற்களை நீதி சாஸ்திரத்தில் சேர்ப்பது தவறு, கிராமக் கணக்கில் சேர்ப்பதே முறை என்பது எனது சித்தாந்தம்.

முதற் பிரமாணம் 'பூர்' என்னும் சொல். சபையில் இங்கிதம் அறியாத முரடனை ஆங்கிலேயர் இப்படி அழைப்பர். டச்சுக்காரர் பாஷையிலோ இதன் ஆதிப் பொருள் குடியானவன் என்பதுதான். இதே சொல்லைப் 'போயர்' என்று பெயராகச் சூடிக்கொண்ட தென்னாப்பிரிக்கக் குடியானவர்கள் 1899 முதல் 1902 வரை பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தையே எதிர்த்துத் துப்பாக்கி பிடித்தார்கள் என்றால், வசைச் சொல் வழங்குவதில் கொஞ்சம் முன்யோசனை வேண்டும் என்று அனுமானிக்க இடமுண்டு. அடுத்தது நமக்கெல்லாம் திரைப்படத்தின் வழியாகப் பரிச்சயமான 'வில்லன்'. இவன் ஆதியில் பிரபுவின் பண்ணையோடு கட்டுண்டு கிடந்த ஏழை உழவன். எஜமானின் உத்தரவின்றிப் பண்ணையை விட்டு அகல உரிமையற்றிருந்த இந்த மனிதன் எந்தக் கதாநாயகியை எங்கே கடத்திக்கொண்டு போயிருக்க முடியும் என்பதை நமது படக் கதாசிரியர்கள் ஒருபோதும் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் சரித்திரம் அதிகமாக வஞ்சித்தது இவ்விருவரையும் அல்ல, 'சர்ல்' என்பவனைத்தான். இன்று இச்சொல்லின் அடியாகப் பிறந்த பெயரடை, விருந்தினருக்கு முகங்கொடுக்காத கடுகடுப்பையும் கஞ்சத்தனத்தையும் குறிக்கும். நார்மானியர் 1066-இல் வந்து இறங்குவதற்கு முந்திய இங்கிலாந்திலோ இவன் அடிமையல்லாத சுதந்திரக் குடிமகன். வெஸ்ஸெக்ஸ் ராஜ்யத்துச் சட்டப்படி இவனைக் கொன்றவன் உறவினருக்கு 200 ஷில்லிங் ஈடு கட்ட வேண்டும். பிரபு ஒருவனின் உயிருக்கு 1200 ஷில்லிங் விதித்திருந்தார்கள் என்பது மெய்தான் என்றாலும், சட்டம் விலை குறித்து வைத்த உயிர் அலட்சியத்துக்குரியதல்ல. இதே வேரில் பிறந்ததுதான் 'கார்ல்' என்னும் பெயர். அப்பெயருடைய பிராங்க் அரசன் 800-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் சக்கரவர்த்தியாக முடிசூடியபின், அவன் புகழ் பரவிய ஸ்லாவிய பாஷைகளில் அவனுடைய பெயரே அரசன் என்னும் பொதுச் சொல்லாகிவிட்டது. ஒரே வித்து கிழக்கே போய்ச் சிங்காதனத்தில் அமர்ந்தது, மேற்கே கடலைத் தாண்டி வாசற்படியில் நின்று வசவு கேட்டது. மண்ணின் குணம் என்பதன்றி இதற்கு எனக்கு வேறு சமாதானம் தோன்றவில்லை.

எஞ்சியவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'கிளௌன்' என்ற கோமாளி நாட்டுப்புறத்தான். 'பிளாகர்ட்' என்பவன், பெரிய மனிதர் மாளிகைகளில் கரிபிடித்த பாத்திரங்களோடு மல்லாடிய கடைநிலை ஏவலாளன். 'கேட்' என்னும் சொல் பிரெஞ்சுக் குடும்பத்து இளைய குமாரனில் தொடங்கி, ஸ்காட்லாந்தில் எடுபிடி ஆளாகி, லண்டனில் குதிரை பூட்டிய பஸ்ஸின் கண்டக்டராகப் படி இறங்கி, கடைசியில் பெண்களிடம் நாணயமில்லாமல் நடக்கும் கனவானிடம் போய் ஒட்டிக்கொண்டது. கண்டக்டர் பதவியில் இருந்த காலத்தில் டிக்கன்ஸ் அவனைத் தலைப்பிலேயே வைத்து ஒரு சித்திரம் எழுதியிருக்கிறார். 'ராஸ்கல்' என்பது பழங்காலத்தில் ஒழுங்கற்ற கும்பலையும், வேடர் வாயில் மந்தையிலுள்ள மெலிந்த மானையும் குறித்தது. வெள்ளைக்கார துரைகளிடமிருந்து இதனைக் கற்ற நம் தகப்பனார்கள், சொந்தப் பிள்ளையை உச்சிமோந்து கொஞ்சுவதற்கும் இதையே பயன்படுத்துவதால், நம் நாட்டில் இச்சொல்லுக்கு ஓரளவு பாவவிமோசனம் கிடைத்திருக்கிறது.

இதற்கு மறுதலையாக, நல்ல நடத்தைக்குரிய சொற்கள் அரசவையையும் நகரத்தையும் விட்டு எட்டடி நகர்வதில்லை. 'கோர்ட்டியஸ்' என்பவன் அரசவைக்காரன், 'அர்பேன்' என்பவன் பட்டணவாசி. நமது 'நாகரிகம்' மட்டும் எங்கே பிறந்ததாம் என்று கேட்டு என்னை மடக்க எண்ணும் பண்டிதர்களுக்கு, அது வேறொரு ஆராய்ச்சியின் விஷயம் என்று பணிவுடன் தெரிவித்து நழுவுகிறேன்.

இனிப் பூர்வபட்சம். உழவனுக்கும் ஏவலாளனுக்கும் இத்தனை சொற்கள் இருக்க, பிரபுவின் அமரியாதைக்கு ஒன்றுகூட இல்லையா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஒன்று இருக்கிறது. சிடுசிடுப்பைக் குறிக்கும் 'சர்லி' (surly) என்பது, முன்சொன்ன 'சர்ல்' (churl) என்பதிலிருந்து அல்ல, 'சர்' என்ற பட்டத்தோடு விகுதி சேர்த்து உண்டாக்கிய சொல். துரைத்தனம் என்பதுதான் அதன் ஆதிப் பொருள். எழுத்துக் கூட்டலில் ஓர் உயிரெழுத்தை மாற்றியதும் பட்டம் மறைந்து சிடுசிடுப்பு மட்டும் நின்றுவிட்டது. குடியானவனுடைய சொல்லுக்கு இத்தகைய மாறுவேஷத்தை எவரும் உபகரித்ததாகத் தெரியவில்லை.

சித்தாந்தத்தைப் பிரத்தியட்சமாகச் சோதித்துப் பார்க்க, ஆங்கில அகராதி தொகுத்த ஜான்சனையும் செஸ்டர்ஃபீல்டு பிரபுவையும்விடத் தகுந்த ஜோடி கிடையாது. பிரபு, தம் குமாரனுக்கு நடையுடை பாவனை கற்பிக்கப் பல வருஷங்கள் கடிதம் எழுதியவர். வாய்விட்டுச் சிரிப்பதே நல்ல குடிப்பிறப்புக்கு இழுக்கு என்று போதித்தவர். ஜான்சனோ, புத்தக வியாபாரியின் மகன். சாப்பிட உட்கார்ந்தால் நெற்றி நரம்பு புடைக்க, வியர்வை வழிய உண்பார் என்று அவருடைய அத்தியந்த சிநேகிதரான பாஸ்வெல்லே எழுதி வைத்திருக்கிறார். தமது அகராதித் திட்டத்தை 1747-இல் அந்தப் பிரபுவுக்கே முகவரியிட்டு வெளியிட்ட ஜான்சன், அவர் மாளிகையின் புறக்கட்டில் காத்துக் கிடந்ததுதான் மிச்சம்; வேலை முடியும் தறுவாயில் பிரபு பத்திரிகையில் புகழ்ந்து எழுதியபோது, உம்முடைய தயவு வேண்டிய காலத்தில் வரவில்லை என்னும் கருத்துப்பட 1755 பிப்ரவரியில் ஒரு கடிதம் விடுத்தார். அதே வருஷம் வெளிவந்த அகராதியில், ஆதரவாளர் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதுகையில் இறுமாப்பையும் சேர்த்து எழுதினார். இவ்விருவரில் மரியாதை தவறியவர் யார்? பூர், கிளௌன் முதலிய சொற்களெல்லாம் உணவு மேஜையில் ஜான்சனைச் சுற்றி மொய்க்கின்றன. வாசலில் ஒருவரைக் காக்க வைத்தவரைத் தீண்ட ஒரு சொல்லும் துணியவில்லை. பிரபுவோ அந்தக் கடிதத்தை மேஜைமேல் எல்லார் கண்ணிலும் படும்படி போட்டு வைத்து, வந்தவருக்கு வாசித்துக் காட்டி, மிகக் கடுமையான இடங்களைச் சுட்டி நடையழகை வியந்தாராம்! இதை மரியாதையின் சிகரம் என்பதா, திமிரின் சிகரம் என்பதா என்று நெடுநாள் யோசித்தும் என்னால் தீர்மானிக்கக் கூடவில்லை.

விலாசம் நிர்ணயிக்க முடியாமல் என்னை அலைக்கழித்த சொல் 'ஸ்நாப்' ஒன்றுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் அது செருப்புத் தைப்பவர். பிறகு கேம்பிரிட்ஜ் மாணவர் வாயில், பல்கலைக்கழகத்தைச் சேராத ஊர்க்காரர். பிறகு பெரிய மனிதரைப் பார்த்து நடிப்பவர். இப்போதோ தம்மிலும் தாழ்ந்தவரைக் கண்டால் மூக்கைச் சுளிப்பவர். ஏளனத்துக்கு ஆளானவனிடம் புறப்பட்ட சொல், நடந்து நடந்து, ஏளனம் செய்தவன் வீட்டிலேயே குடியேறிவிட்டது. ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே இந்த ஜாதியாரைப் பற்றி 1846-47-இல் 'பஞ்ச்' பத்திரிகையில் தொடராக எழுதியபோது, எழுதியவர் 'அவர்களுள் ஒருவர்' என்றே தலைப்பில் போட்டுக்கொண்டார். தானாக முன்வந்து தன்னை ஏற்றுக்கொள்ள ஒரு கனவான் அகப்படும் பாக்கியம் பூருக்கும் சர்லுக்கும் இன்றுவரை கிட்டவில்லை.