முற்றத்துக்கு மூடி போடப் போறியாமே, பேராண்டி!

பெங்களூருல உக்காந்தபடியே போனுக்குள்ள வீட்டைக் கட்டி முடிச்சிட்டேன்னு உங்க அப்பத்தா சொல்லுச்சு. எங்க அக்கா பொய் சொல்லாது. படத்தை நானும் பாத்தேன். வெள்ளைச் சோபா, வெள்ளைத் திரைச்சீலை, மூலையில வாழை மாதிரி ஒரு செடி. ஒரு குறையும் இல்லை. மழை மட்டும் பெய்யலை, கரண்டும் போகலை. அக்கா உக்காந்து வெத்தலை இடிக்க ஒரு எடமும் கண்ணுல படலை. அதை எந்த மூலையில சேத்திருக்கேன்னு அப்புறமாச் சொல்லு.

முற்றத்துக்கு மேல கண்ணாடி போடப் போறியாமே? நல்ல யோசனைதான். சித்திரை மாசம் கேஸ் மிச்சம், அரிசியைக் களைஞ்சு முற்றத்துல வச்சாப் போதும். வீட்டுச் சூடெல்லாம் மேல ஏறி அந்த வாய் வழியாத்தான் வெளியே போகும்னு உங்க பூட்டன் விட்டு வச்சிருக்காரு. பாவம், அவருகிட்டப் போன் இல்லை. காக்காயும் கள்ளனும் பயமா இருந்தா ஒரு கம்பி வலை போட்டுக்க, காத்தை ஏன் அடைக்கிறே? ஓப்பன் கிச்சன் வேற! அதுக்கு ஆட்சேபணை இல்லை. கருவாடு வறுக்குற அன்னிக்கு உன் ஆபீஸ்காரங்க யாரையும் கூப்பிட்டுறாதே.

அந்தக் கிச்சனுக்காக நடுச்சுவரை எடுக்கணும்னு கொத்தனாருக்குப் போனைக் காட்டினியாம், அவரும் தலையாட்டினாராம். ஆட்டத்தான் செய்வாரு. முன்பணத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறவன்கிட்ட முடியாதுன்னு சொன்ன கொத்தனாரை இந்தச் சீமையில நான் பாத்ததில்லை. அதனால ‘செஞ்சுடலாமாண்ணே’ன்னு கேக்காதே. ‘இந்தச் சுவரை என்னண்ணே செய்யலாம்’னு கேட்டுட்டு வாயை மூடிக்க. நீ சும்மா நின்னா அவரு சுவரைத் தட்டிப் பாப்பாரு, அண்ணாந்து பாப்பாரு. அப்பத்தான் மேல இருக்குற உத்திரம் அந்தச் சுவர் மேலதான் உக்காந்திருக்குங்கிற சேதி வெளியே வரும். உன் படத்துல உத்திரத்தைத் தாங்குறது யாருன்னு நானும் தேடினேன். அந்தச் செடியா இருக்கும்.

இன்னொண்ணு. அவரு போன வருசம் கட்டுன வீட்டைக் காட்டக் கூப்பிடுவாரு. போகாதே. பத்து மழை பாத்த வீடு எதுன்னு கேளு. அங்க போயி ஹாலைப் பாத்து வாயைப் பொளக்காம, குளியலறைக்கு வெளிப்பக்கத்துச் சுவரு, சன்ஷேடுக்கு அடிப்பக்கம், ஜன்னலோட மூலை, இந்த மூணையும் பாரு. வீட்டுக்காரரைக் கேக்காதே, காசு போட்டவரு பெருமையாத்தான் பேசுவாரு. அந்த வீட்டம்மாவைக் கேளு. எந்தக் குழாய் ஒழுகுது, எந்தக் கதவு மழைக்காலத்துல சாத்தாதுன்னு அது பட்டியலே வச்சிருக்கும்.

நம்ம வீட்டுச் சுவரு சுண்ணாம்புச் சுவரு. உள்ள போற ஈரத்தை மறுபடி வெளியே விட்டுரும். அது மேல நீ சிமெண்டைப் பூசி பெயிண்டும் அடிச்சா ஈரம் உள்ளேயே குடியிருந்து உப்புப் பூத்து, பொரிஞ்சு பொரிஞ்சு விழும். ‘மேஸ்திரி ஏமாத்திட்டான்’னு நீ கத்துவே. சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். முட்டை வெள்ளைக்கரு, கடுக்காத் தண்ணி, வெல்லத்தண்ணி எல்லாம் சேத்து அந்தக் காலப் பூச்சே பூசித் தர்றேன்னு ஒருத்தன் வருவான். வேலை தெரிஞ்ச ஆளா இருந்தா விட்டுறாதே. ஆனா அரைக்கும்போது பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காரு. இல்லேன்னா முட்டை உன் கணக்கு, மஞ்சக்கரு அவன் வீட்டுக் கணக்குன்னு ஆயிடும்.

குளியலறையை பெட்ரூம் சுவரைக் குடைஞ்சு வைக்காதே. பின்பக்கம் தனியா எழுப்பு. பழைய சுவரோட ஒட்டாம நடுவுல சின்ன இடைவெளி விட்டுக் கட்டணும். பழசு எப்பவோ உக்காந்து அடங்கிருச்சு, புதுசு இனிமேத்தான் அடங்கும். ரெண்டையும் ஒட்டினா சேந்த எடத்துல வெடிப்பு விடும்.

கிழவன் புலம்புறான்னு நெனக்கிறே. சரி, வெள்ளைக்காரன் சொன்னாக் கேப்பேல்ல? லாரி பேக்கர்னு ஒருத்தரு, 1917ல இங்கிலாந்துல பர்மிங்காம்ல பொறந்து கட்டடப் படிப்புப் படிச்சவரு. இமயமலைப் பக்கம் பித்தோராகர்ல வருசக்கணக்கா இருந்தாரு. அந்த ஊர் ஆளுக கல்லையும் மண்ணையும் வச்சுக் கட்டுறதைப் பாத்துத்தான் பாதித் தொழிலைக் கத்துக்கிட்டாரு. பொறகு திருவனந்தபுரத்துக்கு வந்து, செங்கல்லைப் பக்கவாட்டுல நிமித்தி வச்சு நடுவுல பொந்து விட்டுக் கட்டுற எலிப்பொறிக் கட்டைப் பரப்பினாரு. நாலுல ஒரு பங்கு கல்லு மிச்சம், வீட்டுக்குள்ள சூடும் கம்மி. 1990ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அவரே வேலை நடக்குற எடத்துல கொத்தனாரோட நின்னு பேசித்தான் வரைஞ்சதை மாத்திக்கிட்டே போவாராம். நீ வாட்சப்புல அனுப்புறே.

மாத்துறதுன்னா அவரு மாதிரி மாத்தணும். ராத்திரி பதினோரு மணிக்கு யூடியூப் பாத்துட்டு, காலையில ஜன்னலை மூணடி தள்ளச் சொல்லாதே. அந்த வீடியோவுக்குக் கூலி உன் பையிலேர்ந்துதான் போகும். பழைய வீட்டு வேலைக்குச் சதுர அடி ரேட்டும் பேசாதே. இடிச்சுப் பாத்தாத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். நாள் கூலி பேசு, சாமான் நீயே வாங்கிக் கொடு, சனிக்கிழமை சாயந்தரம் கணக்கைத் தீத்துரு. தையில ஓட்டைப் பிரிச்சா ஐப்பசிக்குள்ள மூடிரலாம். ஆவணியில ஆரம்பிச்சேன்னா, கட்டிலுக்கு மேல தார்ப்பாய் கட்டிக்கிட்டு எங்க அக்காதான் படுக்கணும்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல்லு போடு. கண்ணாடி மேல அச்சை வச்சு, கையாலயே சாயத்தை ஊத்தி, சிமெண்டும் மணலும் போட்டுத் தண்ணியில ஊற வச்சு எடுக்குறது. சூளையே கிடையாது. ஒரு கல்லு மாதிரி இன்னொண்ணு இருக்காது, அதுக்காகக் கடைக்காரன்கிட்டச் சண்டைக்குப் போகாதே. ஆசிட்டு ஊத்திக் கழுவாம, நடந்து நடந்து துடைச்சாலே பளபளப்பு ஏறும்.

பிரிச்ச தேக்குச் சட்டமெல்லாம் வீணில்லை, ஆசாரி ஜன்னல் பண்ணிருவாரு. ஆனா ஆணியைப் பூராவும் பிடுங்கிட்டுத்தான் அறுப்பு மில்லுக்குக் கொண்டு போகணும். ஒரு ஆணி மாட்டினா ரம்பப் பட்டை போச்சு, மில்லுக்காரன் ஒன்னை அறுத்துருவான். பழைய நிலை, கதவை வித்துறலாம்னு யாராவது ஆசை காட்டினா, மொதல்ல காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் ஒரு நடை போயி, அங்க பழைய சாமான் கடையில அதே மாதிரிக் கதவுக்கு என்ன வெலை சொல்றான்னு கேட்டுட்டு வா.

அப்புறம் அந்த ஊஞ்சப் பலகை. அது படத்துல எங்கேயும் காணோம், ஒனக்கு வேண்டாத சாமான்போல. கடைக்கெல்லாம் தூக்கி அலையாதே. நாளைக்கு நானே வண்டி கொண்டாறேன்.